அவள் பெயரில் போன திருத்தம்

என் மனைவியை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, அவள் எழுதிய நிரலில் என்னென்ன தவறுகள் இருக்கின்றன என்று விளக்கி அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

காலை நேரம். காக்ஸ் டவுனில் அவளுடைய அம்மா வீட்டு முன்னறையில் இருந்த கணினியைத் திறந்து, சட்டம் போடுவதற்கு ஒரு புகைப்படம் தேடிக்கொண்டிருந்தேன். அத்தைதான் கேட்டிருந்தார். கல்யாணப் படம் வேண்டாம், சும்மா சிரிக்கிற மாதிரி ஒன்று எடுங்கள் என்று சொல்லியிருந்தார். அவளுடைய அஞ்சல் பெட்டியை யாரும் மூடவில்லை. தடித்த எழுத்தில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. அனுப்பியவரின் பெயர் எனக்குத் தெரிந்ததுதான். முகம் தெரியாது. சில மாதங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையில் அடிபட்டுக்கொண்டிருந்த பெயர்.

நான் ஈஜிபுராவில் வளர்ந்தவன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கார்மென்ட்ஸில் தைத்து என்னைப் படிக்க வைத்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கைபேசி வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, பின்னால் என் மனைவியான அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். நான் திரையில் தெரிகிற மெனுக்களை எழுதுகிற குழு. அவள் அடியில், கர்னல் என்கிற அடித்தள மென்பொருளை எழுதும் குழு. கைபேசிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் இயக்குகிற டிரைவர் நிரல்களை எழுதுகிறவர்கள் அவர்கள். முதல்முறை இதை அம்மாவிடம் சொன்னபோது, "பொம்பளப் புள்ள எந்த வண்டிடா ஓட்டுது?" என்று கேட்டாள். என் மனைவிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போய், தன் வேலையை யாராவது விசாரித்தால் கொஞ்ச நாள் "வண்டி ஓட்டறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பேச வைத்தது கம்பெனி கேப் வண்டிதான். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். சில்க் போர்டு தாண்டினால் வண்டி நகராது. மற்றவர்கள் தூங்குவார்கள். நாங்கள் இரண்டு பேரும் விழித்திருப்போம். அவள் கிறிஸ்தவள், நான் இல்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவளுக்கும் அப்பா இல்லை. அத்தை மாநில அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்மதம் சொன்னபோது ஒரே ஒரு விஷயம் கேட்டார், தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று. அதனால் நான் காக்ஸ் டவுனுக்கு வந்தேன். என் அம்மா, "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு வந்து இறங்கினாள்.

அவள் கடைசியாகச் செய்த வேலையை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தோம். அவள் எதையும் தன்னோடு வைத்துக்கொள்கிறவள் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது அத்தை கேட்டார்.

"ரெகுலேட்டர் ரெகுலேட்டர்னு சொல்றியே, ஃபேனுக்கு இருக்குமே, அதுவா?"

"அந்த மாதிரிதான் மம்மி. ஆனா ஒரு சிப்புக்குள்ள பத்து, பதினஞ்சு இருக்கும். பேட்டரி ஒரே அளவுலதான் கரன்ட் குடுக்கும். கேமராவுக்கு ஒரு வோல்டேஜ் வேணும், மெமரி கார்டுக்கு ஒண்ணு வேணும், பிராசஸருக்கு ரொம்பக் கம்மியா வேணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அளந்து ஊத்தணும்."

"யாரு ஊத்தறது?"

"அதைத்தான் நான் எழுதறேன்."

அதுவரை ஒவ்வொரு டிரைவர் எழுதுகிறவரும் தன் இஷ்டத்துக்கு அந்த மின்சார சிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தார்களாம். கேமராவை எழுதினவர் வேலை முடிந்தது என்று ஒரு இணைப்பை அணைப்பார். அதே இணைப்பில் தொடுதிரையும் மாட்டியிருக்கும். அது செத்துப்போகும். ஏன் செத்தது என்று தேடி இன்னொருவர் இரண்டு வாரம் திண்டாடுவார். அந்தச் சமயத்தில்தான் கர்னலில் இதற்கென்று ஒரு பொதுவான ஏற்பாடு வந்திருந்தது. இனி யாரும் நேராக அணைக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். எனக்கு மின்சாரம் வேண்டும், இவ்வளவுக்குக் குறையாமல், இவ்வளவுக்கு மிகாமல் என்று கேட்டால் போதும். முடிந்ததும் எனக்குப் போதும் என்று சொல்ல வேண்டும். ஒரு இணைப்பை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று நடுவில் ஒருவன் எண்ணிக்கொண்டிருப்பான். கடைசி ஆளும் விட்ட பிறகுதான் அணைப்பான். ஆனால் அந்த நடு ஆளுக்கு ஒவ்வொரு சிப்போடும் எப்படிப் பேசுவது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் கைபேசியில் இருந்த சிப்புக்கு யாரும் எழுதியிருக்கவில்லை. அவள் எழுதினாள்.

அந்தக் கர்னல் எல்லோருக்கும் பொதுவானது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஒரு பேட்ச், அதாவது ஒரு திருத்தம், எழுதி எல்லோரும் படிக்கும் அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பலாம். அனுப்பினால் முன்பின் தெரியாதவர்கள் வாசித்துக் குறை சொல்வார்கள். குறைகளைச் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும். குறை தீர்ந்த பிறகே சேர்த்துக்கொள்வார்கள். ஆபீஸ் அஞ்சலில் இருந்து போகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'இது ரகசியம், படித்தவுடன் அழித்துவிடவும்' என்று கம்பெனியே ஒரு பத்தி ஒட்டிவிடும். உலகத்துக்கே அனுப்புகிற கடிதத்தில் ரகசியம் என்று இருந்தால் பட்டியலில் சிரிப்பார்கள் என்று, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அவள் வீட்டிலிருந்து தன் சொந்த முகவரியில் அனுப்பினாள்.

முதல் பதில் வந்த அன்று அடுப்பங்கரை வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள்.

"மேலருந்து கீழ வரைக்கும் கிழிச்சிருக்கான்டா."

"கோபமா இல்லையா?"

"எதுக்கு? ஒரு வரி விடாம படிச்சிருக்கான். நம்ம ஆபீஸ்ல யாரு படிச்சா?"

அந்தப் பதிலை எழுதிய மனிதர் இன்னொருவருக்கு எழுதியதில் அவளை ஆண் என்று நினைத்துக் குறிப்பிட்டிருந்தார். நான் அதைச் சுட்டிக் காட்டினேன். "விடு. என் பேரைப் பாத்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் எழுதின புரோகிராமைப் பாத்தா போதும்" என்றாள்.

எல்லாவற்றையும் திருத்தி இரண்டாம் முறை அனுப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு. அன்று மாலை இடுப்பு வலிக்கிறது என்று படுத்தாள். உடம்பு கொதித்தது.

மழைக்காலம் முடிகிற நேரம். எங்கள் தெருவிலேயே அங்கங்கே டெங்கு இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் பிளேட்லெட் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அத்தை அதைக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்று ஜெபம் செய்வார். என் அம்மா வேலைக்குப் போகாமல் பப்பாளி இலைச் சாறு பிழிந்துகொண்டு வந்தாள். டாக்டர் வேண்டாம் என்றார். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு படி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் இறங்கியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அவள் இட்லி கேட்டாள். பாதி சாப்பிட்டாள்.

"பதில் வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"ரெண்டாவது வெர்ஷன்ல பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டான். பாரு."

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் மோசமான நாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் எங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்று பிறகு புரிந்தது. மத்தியானம் அவள் கை கால்கள் சில்லிட்டன. தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயது.

அடக்கத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். என் அம்மாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. மற்ற பெண்களைப் பார்த்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் நின்றாள். பாட்டுப் பாடும்போது அவள் வாயும் அசைந்தது.

இதெல்லாம் ஆன பிறகுதான் அந்த அஞ்சல் வந்தது.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மெனு எழுதுகிறவனுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்தவரை, ஒன்று, சிப்பிலுள்ள ரெகுலேட்டர்களை வரிசையாகப் பதிவு செய்துகொண்டு வரும்போது நடுவில் ஒன்று தோற்றால், அதற்கு முன் பதிந்தவற்றை அவள் விடுவிக்காமல் விட்டிருந்தாள். இன்னொன்று, கேமராவுக்கான இணைப்பைப் போட்ட பிறகு நிரல் ஒரு குறிப்பிட்ட நேரம் காத்திருந்தது. சிப்பின் கையேட்டில் அவ்வளவு நேரம் சொல்லவில்லையே, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார். வேறு சில சில்லறை விஷயங்கள். கடைசி வரியில், மற்றபடி நன்றாக இருக்கிறது, இன்னொரு சுற்று போதும் என்று எழுதியிருந்தார்.

அத்தை உள்ளே வந்தார். "படம் கெடச்சுதா தம்பி?"

நான் சொன்னேன். அத்தை கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்தவளுக்கா தப்புக் கண்டுபிடிக்கிறான்?"

"அவருக்குத் தெரியாதுத்தே."

"தெரியலன்னா சொல்லுங்க."

சரி என்றேன். ஆனால் எழுதவில்லை. அந்த மாதம் யார் யாருக்கோ எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பேங்கில் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி கனடாவிலிருந்து சும்மா பேசலாம் என்று கூப்பிட்டபோது அவளிடமும் சொன்னேன். உலகத்தில் இந்த ஒரு மூலையில் மட்டும் அவள் இன்னும் பதில் எழுத வேண்டியவளாக இருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவரே மறுபடி எழுதினார். இதில் இன்னும் வேலை நடக்கிறதா, சீக்கிரம் வந்தால் அடுத்த வெளியீட்டில் சேர்த்துவிடலாம் என்று கேட்டிருந்தார். அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன். நான் அவளுடைய கணவன், அவள் இறந்துவிட்டாள், நீங்கள் சொன்ன திருத்தங்களை யாராவது செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். அனுப்பிய பிறகு அஞ்சல் பெட்டியை மூடிவிட்டு, சிவன்செட்டித் தோட்டம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

பதில் எனக்கு மட்டும் தனியாக வந்தது. மிகவும் வருந்துகிறேன் என்றிருந்தது. அவரைப் பெண் என்று அறியாமல் எழுதியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். அவருடைய வேலை சுத்தமாக இருந்தது. அவசரம் ஒன்றுமில்லை. இதையும் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "சுத்தமான்னா என்ன வார்த்தை போட்டிருக்கான்?" என்று கேட்டார். அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன்.

ஆபீசில் அவளுடைய மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். குழுவில் ஆள் குறைவு, இதை எடுத்துச் செய்ய யாருமில்லை, நீ செய்கிறாயா என்று அவரே கேட்டார். எனக்குக் கர்னல் தெரியாதே என்றேன். அவளுக்கும் ஒரு காலத்தில் தெரியாது என்றார். அப்படித்தான் ஆரம்பித்தேன். பகலில் பாதி நேரம் என் மெனுக்கள், பாதி நேரம் அவளுடைய டிரைவர்.

முதல் குறையைத் தீர்க்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவளாக இருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பாள். அவள் வரிகளைப் படிக்கப் படிக்க, அவள் எங்கே அவசரப்பட்டாள், எங்கே நிதானமாக இருந்தாள் என்பதெல்லாம் தெரிந்தது. கேப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆளும் இவளும் ஒன்றுதான் என்று சில இடங்களில் தோன்றும். சில இடங்களில் எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி எழுதியது போல இருக்கும். நான்கு வருடம் கூட இருந்தும் நான் அவள் எழுதியதைப் படித்ததே இல்லை.

அந்தக் காத்திருக்கும் நேரம்தான் புதிராக இருந்தது. கையேட்டில் சொன்னபடி குறைத்துப் பார்த்தேன். கேமரா எழும்பவில்லை. அவள் வைத்திருந்த நேரத்தைத் திரும்பப் போட்டால் எழும்பியது. ஹார்டுவேர் லேபில் ஒரு பெண் இருந்தார், தாவணகெரெக்காரர், கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுவார். என் மனைவி தினமும் அவரோடுதான் சாப்பிடுவாள். அவரிடம் எங்கள் கைபேசியின் சர்க்யூட் போர்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"நோடோணா, பாக்கலாம்," என்று சொல்லி வாங்கி, கேமரா இணைப்பில் ஒரு முனையை வைத்து, மின்னழுத்தத்தைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். மின்சாரம் போட்டதும் திரையில் கோடு சட்டென்று ஏறவில்லை. மேடு ஏறும் லாரி மாதிரி சாய்வாக, மெதுவாக ஏறியது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது நானே போட்டது," என்றார். "கேமராவுல படம் கோடு கோடா வந்துச்சு. பெரிய கெபாசிட்டர் ஒண்ணு சேர்த்தேன். அது நிறையறதுக்கு டைம் ஆகும். ஊட்டா பண்ணும்போது அவள்கிட்ட சொன்னேன், கொஞ்சம் ஜாஸ்தி வெய்ட் பண்ணுன்னு. சரின்னா. அஷ்டே, அவ்வளவுதான்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டு டேபிள்ல சொன்னதை எங்கயும் எழுதி வெக்கல," என்றார். இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் அதை அணைக்கவில்லை.

ஆக, அந்தத் தாமதம் சிப்பினுடையது இல்லை, எங்கள் போர்டினுடையது. அந்தச் சிப்பை வேறு யாராவது வேறு கைபேசியில் போட்டால் அவர்களுக்கு இது வேண்டியிருக்காது. வெளிநாட்டிலிருந்து அஞ்சல் எழுதியவர் கேட்டது சரிதான். டிரைவரிலிருந்து அந்த வரியை எடுத்து, எங்கள் போர்டுக்கு மட்டுமான கோப்பில் வைக்க வேண்டும். வேலை என்று பார்த்தால் ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்த வரிக்கு மேலே அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். 'இது மெதுவாகத்தான் எழும், அவசரப்படுத்தாதே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள். காலையில் என்னை எழுப்புவதற்கு அத்தை வந்தால் அவள் அப்படித்தான் சொல்வாள். அதை வெட்டி எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவைத்தேன். மறுநாள் வெட்டி, போர்டு கோப்பில் ஒட்டினேன்.

நான் செய்த திருத்தங்கள் எல்லாம் சரியானவைதான். ஆனால் ஒவ்வொரு திருத்தத்திலும் அவளுடையது கொஞ்சம் குறைந்து என்னுடையது கொஞ்சம் கூடியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சில இடங்களில் எனக்கு வசதியான பெயர்களை விட்டு, அவள் வைத்திருந்த பெயர்களையே வைத்துக்கொண்டேன்.

அனுப்பும் முன் இன்னொரு கேள்வி இருந்தது. பேட்சின் தலையில் எழுதியவர் பெயர் இருக்கும். கீழே, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லி ஒரு கையெழுத்து வரி இருக்கும். யார் பெயரைப் போடுவது? சாப்பிடும்போது அத்தையிடம் இதைச் சொன்னேன். உண்மையில் ஆலோசனை கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் பேச வேறு எதுவும் இருக்கவில்லை.

"எங்க ஆபீஸ்ல டிராஃப்ட் போடறவர் ஒருத்தர், திருத்தறவர் ஒருத்தர், அடிக்கறது நானு," என்றார் அத்தை. "கீழ மூலையில எல்லாருக்கும் இனிஷியல் இருக்கும். ஒருத்தர் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டார்னு அவர் இனிஷியல எடுத்துட மாட்டாங்க. அவளோடத எடுத்துடாதீங்க தம்பி."

எடுக்கவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர். கீழே அவள் ஏற்கெனவே போட்டிருந்த கையெழுத்து வரி, அதற்கும் கீழே என்னுடையது.

அந்த மனிதர் என்னிடம் எந்தச் சலுகையும் காட்டவில்லை. என் மூன்றாம் வெர்ஷனில் நான் புதிதாகச் சேர்த்த பிழைகளை எடுத்துக் காட்டினார். இந்த இடம் முன்பே சரியாகத்தானே இருந்தது என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார். அது அவள் எழுதிய இடம். நான் கெடுத்திருந்தேன். அதைப் படித்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அந்த இடத்தைப் பழையபடி அவள் எழுதியதாகவே மாற்றினேன். நான்காம் வெர்ஷனை அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டேன், நன்றி.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்த்தே."

டீ போடுகிறேன் என்று உள்ளே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் எழுதியதைப் பேப்பரில் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். திங்கட்கிழமை ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு வரிகூடப் பொருள் புரியாத அந்தத் தாள்களை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பழைய டைப்பிஸ்டின் கண். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

பார்த்தேன். அவள் எழுதிய குறிப்பு ஒன்றில், 'மின்னழுத்தம்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து இல்லை. நானும் பார்க்கவில்லை, அந்த மனிதரும் பார்க்கவில்லை.

"இப்ப சரிபண்ண முடியுமா?"

"முடியும். இன்னொரு பேட்ச் அனுப்பணும்."

அத்தை அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம். அவ எப்பவும் இப்படித்தான், வேகமா அடிப்பா," என்று சொல்லித் தாள்களை மடித்து வைத்தார்.

அந்தக் கைபேசி வெளியே வரவே இல்லை. உலகம் முழுக்கத் தொழில் சரிந்துகொண்டிருந்த நேரம். கேட்ட கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு காலை எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள். லேபிலிருந்த போர்டுகளை அட்டைப்பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். தாவணகெரெக்காரருக்கு வேலை போனது. ஊருக்குப் போகும்முன் என்னைப் பார்க்க வந்தவர் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். எங்கள் போர்டுக்கான கோப்பு கம்பெனிக்குள்ளேயே இருந்தது. அதை யாரும் வெளியே அனுப்பவில்லை. பிறகு கம்பெனியையே மூடியபோது, அவளுடைய அந்தக் குறிப்போடு அதுவும் போயிற்று. டிரைவர் மட்டும் பொதுக் கர்னலில் நின்றது. எங்கள் கைபேசி இல்லாமல் போனாலும், அந்தச் சிப்பை வேறு நாடுகளில் வேறு யாரோ எதெதிலோ போட்டிருந்தார்கள். அது எனக்குப் பின்னால் தெரிந்தது.

நான் வேறு இடத்தில் சேர்ந்தேன். அங்கே கர்னல் வேலைதான் கேட்டு வாங்கினேன். காக்ஸ் டவுனிலிருந்தே போய்வந்தேன். ஞாயிறுகளில் அத்தையைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் காத்திருப்பேன். வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளப் பழகியிருந்தோம். அவர் அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போவார். நான் மொட்டை மாடிக்குப் போவேன். இருவருக்கும் இது தெரியும்.

என் அம்மா வாரம் ஒருமுறை கேட்டாள். "இன்னும் அங்க எதுக்குடா இருக்கே?" கடைசியில் அத்தையே சொன்னார். ஒரு மாலையில் காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க போய் உங்கம்மாகூட இருங்க தம்பி."

"நான் ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. நீங்க கேட்டைத் தொறக்கற சத்தம் கேட்டா, பின்னாடியே அவ வருவான்னு தோணுது. தினமும் தோணுது. என்னால முடியல."

வேலூரிலிருந்து அத்தையின் தங்கை வந்து கூட இருக்க ஏற்பாடானது. அவர் வந்த வாரம் நான் கிளம்பினேன். இரண்டு பைகள்தான். ஆட்டோ வந்து நின்றபோது அத்தை வாசல் வரை வந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வர வேண்டும் என்று சொன்னார். போனேன். ரொம்ப வருடங்கள் போனேன். முதலில் எல்லா ஞாயிறும், பிறகு மாதம் இரண்டு, பிறகு கிறிஸ்துமஸுக்கும் அவள் நினைவு நாளுக்கும். நான் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டபோது அத்தை வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா அவரை விட்டு நகரவில்லை.

அத்தை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளித்தான் கிடைத்தது. வீட்டில் அவளுக்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது. அத்தை மட்டும் அப்படிக் கூப்பிடுவார். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, அது அம்மாவுக்கும் மகளுக்கும் உள்ளது என்று விட்டுவிட்டேன். அத்தையின் அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவள் கல்லறை முன் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது சரியாக வரவில்லை.